பாடங்களை ஒலிப்பதிவாகக் கொடுக்க: நீளம், வேகம், கோப்பு வடிவம் எப்படி இருக்க வேண்டும்?

கரும்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புக்கு மொழிப்பாடமும் அறிவியலும் எடுக்கிறேன். மொத்தம் 34 பேர். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். ஆனால் அதே பாடத்தை வாசித்துக் காட்டினால் கேள்விக்குப் பதில் பளிச்சென்று வருகிறது. ஒரு மாணவிக்குப் பார்வை மிகக் குறைவு. புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்தாலும் நாலு வரிக்கு மேல் முடியாது.

பாடங்களை நானே வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று எண்ணம். கையில் உள்ளவை ஒரு ஆண்ட்ராய்டு போன், பழைய லேப்டாப், வகுப்பறையில் பென்டிரைவ் போட்டுப் பாடும் ஸ்பீக்கர் ஒன்று. பிள்ளைகளின் வீட்டில் போன் உண்டு. அது மாலையில்தான் அவர்கள் கைக்கு வரும், டேட்டாவும் அளவோடுதான்.

போனிலேயே தெளிவாகப் பதிவு செய்ய முடியுமா? ஒரு பதிவு எத்தனை நிமிடம் இருக்கலாம்? மெதுவாக வாசிக்க வேண்டுமா, இயல்பான வேகமே போதுமா? பார்வைக் குறைவுள்ள மாணவிக்கும் இதே கோப்பு போதுமா, தனியாக ஏதும் செய்ய வேண்டுமா? இந்த வேலையில் பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஒலிமேசை:

போன் தாராளமாகப் போதும். பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் இல்லை, அறைதான்.

நடு அறையில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியபின் ஒரு 'ணங்' தொங்கினால் அந்த அறை வேண்டாம். காலியான வகுப்பறை இதற்கு மகா மோசம்: வெறும் சுவர், வெறும் தரை. துணி நிறைந்த அறை, மெத்தை உள்ள அறை, திறந்த துணி அலமாரிக்கு எதிரே உட்கார்வது இவையெல்லாம் நல்லது. மின்விசிறியின் சீரான இரைச்சலை மென்பொருளில் ஓரளவு குறைத்துவிடலாம். எதிரொலியை அப்படி எடுக்க முடியாது, ஏனென்றால் அதுவும் உங்கள் குரலேதான்.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். விரல் நகர்வது எல்லாம் பதிவாகும். நாலு புத்தகத்தை அடுக்கி மேலே மடித்த துண்டு ஒன்று போட்டு அதில் வையுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும். அது வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் 'ப', 'ப்ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் அடித்து 'டப்' என்று கேட்கும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறையின் சத்தமோ அப்படியே இருக்கும். தள்ளி வைத்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவது இதனால்தான்.

பதிவுச் செயலியின் அமைப்பில் மோனோ (ஒரே ஒலித்தடம்), 44,100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை), வேவ் அல்லது எம்4ஏ என்று வையுங்கள். சில போன்களில் முன்னிருப்பாக ஏ.எம்.ஆர். வடிவம் இருக்கும், அது பெரும்பாலும் நொடிக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும், அதை மாற்றிவிடுங்கள். நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கும் பதிவில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. ச, ஸ, ஷ ஒலிகளைப் பிரித்துக் காட்டும் சீற்றத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அது முக்கியம்.

பேசத் தொடங்குவதற்கு முன் 5 நொடி சும்மா இருங்கள், அந்த வெறும் அறைச் சத்தம் பிறகு தேவைப்படும். செயலி காட்டும் ஒலியின் உச்ச அளவு -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் நடுவே ஆடினால் சரி. 0-வைத் தொட்டுக் கரகரத்ததைத் திரும்பப் பதிவு செய்வதுதான் வழி. தடுமாறினால் நிறுத்த வேண்டாம். ஒரு தடவை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கைதட்டல் அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும். திருத்தும்போது எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருள் போதும், இலவசம். வரிசை இதுதான்: முதலில் அந்த 5 நொடி அமைதியைத் தேர்ந்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பகுதியில் இரைச்சலின் மாதிரியை எடுங்கள், பிறகு முழுவதையும் தேர்ந்து 6 முதல் 12 டெசிபலுக்குள் குறையுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். அடுத்து 80 ஹெர்ட்ஸில் 'ஹை-பாஸ்' வடிகட்டி, அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை அது வெட்டும். மேசை அதிர்வு, தூரத்து வண்டிச் சத்தம் போகும். பிறகு வெட்டு வேலை. கடைசியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்', மோனோவுக்கு -19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரியைச் சொல்லும் அளவு). இதை எல்லாக் கோப்புக்கும் ஒரே அளவில் செய்யாவிட்டால் ஒரு பாடம் முணுமுணுக்கும், அடுத்தது அலறும். வரிசையை மாற்றிச் சத்தத்தை முதலில் கூட்டிவிட்டால், அதற்கு முன் எடுத்த இரைச்சல் மாதிரி பொருந்தாமல் போகும்.

வெளியே எடுக்கும்போது எம்பி3, மோனோ, 64 கிலோபிட், நிலையான பிட் விகிதம். நிமிடத்துக்கு 480 கிலோபைட் வரும். 4 நிமிடப் பதிவு 2 எம்.பி.க்குள் அடங்கிவிடும். மாறும் பிட் விகிதம் வைத்தால் சில பிளேயர்களில் நேரக் கணக்கு தப்பும், '2:15க்குப் போ' என்று நீங்கள் சொன்ன இடம் ஒரு பிள்ளைக்கு வேறு வாக்கியமாக இருக்கும். வேவ் மூலத்தை அழிக்காதீர்கள். நிமிடத்துக்கு 5.3 எம்.பி. பிடிக்கும், இருந்தாலும் பின்னால் திருத்த அதுதான் வேண்டும். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் தரம் தேயும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் பாடத்தின் பெயர் தெரியாது, அடுத்த வாரம் அரட்டைக்குள் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

---

வாசிப்புத்துணை:

ஒலிமேசை சொன்னபடி செய்தால் பதிவு தெளிவாக வந்துவிடும். தெளிவான பதிவைக் கேட்டும் பிள்ளை வாசிக்கக் கற்காமலே போகலாம், அதனால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

டீச்சர், உங்களுக்கு வேண்டியது இரண்டு வகைப் பதிவுகள். அறிவியலில் பாடப்பொருள் புரிய வேண்டும், அங்கே ஒலி புத்தகத்துக்கு மாற்றாக நிற்கலாம். இயல்பான வேகம், 4 முதல் 6 நிமிடம், ஒரு பதிவுக்கு ஒரே கருத்து. மொழிப்பாடத்தில் வாசிக்கவே பழக வேண்டும், அங்கே கையில் எழுத்து இல்லாமல் ஒலியை மட்டும் கொடுத்தால் பயன் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே கோப்பால் முடிக்கப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வாசிப்புப் பழக்கத்துக்கான பதிவைச் சொல்கிறேன். 100 முதல் 150 சொல் உள்ள ஒரு பத்தி போதும். ஒரே பத்தியை மூன்று நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் விரல் வைத்துக்கொண்டு கேட்பது, இரண்டாம் சுற்றில் பதிவோடு சேர்ந்து மெல்லிய குரலில் வாசிப்பது, மூன்றாவதில் பதிவை நிறுத்திவிட்டுத் தானாக வாசிப்பது. 1976-இல் அமெரிக்க மொழியியலாளர் கரோல் சாம்ஸ்கி எழுதியது இதைப் பற்றித்தான்: எழுத்து தெரிந்தும் சரளம் வராத 8 வயதுப் பிள்ளைகள், கதையின் ஒலிநாடாவைப் புத்தகத்தோடு திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் தடையின்றி வாசித்தார்கள். இந்த முறைக்கு டேப்பாக இருந்தாலும் போனாக இருந்தாலும் ஒன்றுதான்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். மெதுவாக வாசிப்பதென்றால் ஒவ்வொரு சொல்லையும் இழுப்பது அல்ல. தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும். 'கல்' என்பது 'கால்' ஆகக் கேட்கும், 'படு'வும் 'பட்டு'வும் குழம்பும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஏற்கெனவே தடுமாறும் இடமே இது. சொற்றொடரை இயல்பான வேகத்தில் சொல்லி, இடைவெளியை மட்டும் நீட்டுங்கள்:

மழை பெய்த மறுநாள் / குளத்தின் கரையில் / சிறு தவளைகள் / கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

சாய்கோடு உள்ள இடங்களில் ஒரு நொடி, வாக்கிய முடிவில் இரண்டு நொடி. புத்தகத்திலும் பென்சிலால் இதே கோடுகளைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் அழித்துவிடலாம். பிளேயரில் 0.75 வேகம் வைப்பது அவசரத்துக்குப் பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஆகி, வல்லின ஒலிகள் மழுங்கும்.

இன்னும் ஒன்று, பதிவின் வேகம் பிள்ளையின் வேகத்தைவிடச் சற்றுத்தான் கூட இருக்கலாம். ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்ததை எண்ணிப் பாருங்கள். சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணுங்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல், 'நீ' என்பதும் ஒரு சொல் என்றால் அந்தக் கணக்குக்குப் பொருள் இல்லை. ஆங்கில வாசிப்புக்குப் போட்ட 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' அட்டவணைகளை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்தப் பிள்ளையின் போன மாத எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கோப்பின் தொடக்கத்தில் இடம் சொல்லுங்கள்: "பக்கம் 42, மேலிருந்து இரண்டாவது பத்தி. 'மழை' என்ற சொல்லில் விரலை வை." பிறகு 5 நொடி அமைதி. பக்கம் திருப்பும் இடத்தில் ஒரு சிறு மணியோசை, 3 நொடி அமைதி. பக்க எண் வரும் அறிவிப்பைத் தனித்துண்டாகப் பதிவு செய்து வையுங்கள், புத்தகம் மறுபதிப்பானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி கேட்டால் 8 முதல் 10 நொடி விடுங்கள். பதிவு செய்பவருக்கு அது யுகமாகத் தெரியும், பதில் யோசிக்கும் பிள்ளைக்கு அது போதும் போதாததுதான். ஒலிமேசையின் பட்டியலோடு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்: ஆடாசிட்டியில் 'ட்ரன்கேட் சைலன்ஸ்' என்ற வசதி இருக்கிறது. நீளம் குறைகிறதே என்று அதை ஓட்டினால், நீங்கள் திட்டமிட்டு விட்ட இடைவெளி அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போகும்.

சொல்வதெழுதலுக்கும் பதிவு நன்றாக உதவும். முழு வாக்கியம் ஒரு தடவை, பிறகு துண்டு துண்டாக இடைவெளியுடன், கடைசியில் முழு வாக்கியம் மறுபடி. இடைவெளியின் நீளத்தைக் குத்துமதிப்பாக விடாதீர்கள். பதிவின்போது நீங்களே அந்தத் துண்டை எழுதுங்கள், எழுதி முடித்தபின் அதே அளவு நேரம் இன்னும் விடுங்கள். ல, ள, ழ வேறுபாட்டை உங்கள் குரலால் காட்ட முடியும். ண, ன, ந அப்படி இல்லை. ன-வும் ந-வும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அங்கே காது உதவாது, எழுத்துமுறையைக் கண்ணால்தான் பழக வேண்டும்.

இந்த முறையின் பெரிய ஓட்டை, பிள்ளை பத்தியைக் காதாலேயே மனப்பாடம் செய்துவிடுவது. பார்க்க அருமையாக வாசிப்பது போலிருக்கும். நாலாம் நாள் பத்தியின் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது பத்துச் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துக் காட்டுங்கள். தடுமாறினால் விரல் வைக்காமல் கேட்டிருக்கிறது என்று பொருள்.

---

செவிநூல்:

பார்வைக் குறைவுள்ள மாணவி பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவர்களுக்கான எம்பி3 அவளுக்குப் போதாது. காரணம் எளிது: மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டித் தேடுவார்கள், அவள் 6 நிமிடக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டியிருக்கும். தேர்வுக்கு முந்தின நாள் ஒரு வரையறையைத் தேட அது உதவாது.

இதற்காகவே 1996-இல் தொடங்கப்பட்டது டெய்சி கூட்டமைப்பு, அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்கான ஒலிநூல் வடிவத்தை வளர்க்கும் அமைப்பு. அதன் வடிவத்தில் தலைப்பு, துணைத்தலைப்பு, பக்க எண் வாரியாகத் தாவலாம். இபப் 3 என்ற மின்னூல் கோப்பிலும் எழுத்தையும் ஒலியையும் வாக்கியம் வாக்கியமாக இணைக்க வழி உண்டு. ஒலிப்பதிவை டெய்சி நூலாக்க 'ஓபி' என்ற மென்பொருளை அந்தக் கூட்டமைப்பே இலவசமாகக் கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: ஆடாசிட்டியில் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு துணைத்தலைப்பு வரும்போதும் கன்ட்ரோல்+எம் அழுத்தி லேபிள் வையுங்கள். பிறகு லேபிள் வாரியாகப் பல கோப்புகளாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 6 நிமிடக் கோப்பு ஐந்தாறு சிறு கோப்புகளாகிவிடும், தேடுவது எளிது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: பாடம் எழுத்துக்கோப்பாகக் கிடைக்குமா? எழுத்து கிடைத்தால் அவள் பெரிதாக்கியும் பார்க்கலாம், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் போனின் திரைவாசிப்பானில் கேட்கவும் செய்யலாம், புதிய சொல்லை எழுத்து எழுத்தாகவும் கேட்கலாம். கடைசியாகச் சொன்னதை உங்கள் குரல் பதிவால் தர முடியாது. பிடிஎஃப் இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து வேறொரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது. கிறுக்கலாக வந்தால் அது பெரும்பாலும் யூனிகோடுக்கு (இன்றைய பொது எழுத்துக்குறி முறைக்கு) முந்தைய எழுத்துருவில் இருக்கிறது, திரைவாசிப்பானும் அதே கிறுக்கலைத்தான் வாசிக்கும். அப்போது எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை எழுத்துக்கோப்பாக்கும் மென்பொருள்) வழியாக எடுத்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். 'ர' எழுத்தும் துணைக்காலும், 'ஔ'வும் 'ஒள'வும் அடிக்கடி இடம் மாறியிருக்கும், அவற்றை முதலில் தேடுங்கள்.

இயந்திரக் குரல் அறிவியலில் சில இடங்களில் சறுக்கும். 'கி.மீ.' போன்ற சுருக்கங்களில் புள்ளி கண்ட இடத்தில் நின்றுவிடலாம். பின்னங்களைத் தேதியாக வாசிக்கலாம். 'பாவம்' என்ற சொல் இரண்டு பொருளில், இரண்டு உச்சரிப்பில் வரும். இயந்திரம் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளும். சுருக்கத்தை விரித்து எழுதுவது, பின்னத்தைச் சொல்லாக எழுதுவது, அட்டவணையை வாக்கியமாக மாற்றுவது ஆகிய மூன்றையும் செய்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

படங்களை மட்டும் கட்டாயம் உங்கள் குரலில் விவரியுங்கள். முதலில் இது என்ன படம், எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம், பிறகு பாகங்கள் மேலிருந்து கடிகாரச் சுற்றில். நிறத்துக்குப் பொருள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இதயத்தின் படத்தில் வலது ஆரிக்கிள் பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருக்கும், ஏனென்றால் படம் எதிரே நிற்பவருடைய உடலைக் காட்டுகிறது. 'வலது' என்று சொன்னால் யாருடைய வலது என்பதையும் சொல்லிவிடுங்கள். நாலைந்து வாக்கியத்துக்கு மேல் போனால் கேட்பவர் மனத்தில் படம் உருவாகாது, கலைந்துவிடும்.

வேகத்தை அவள் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். திரைவாசிப்பானில் பழகியவர்கள் நமக்குப் பிடிபடாத வேகத்தில் சாதாரணமாகக் கேட்பார்கள்.

உரிமை பற்றி ஒரு வரி. 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளில், அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக மாற்று வடிவப் படிகள் செய்ய வழி தருகிறது. அவளுக்காகச் செய்த படியை அந்தக் காரணம் காட்டிப் பொதுவெளியில் எல்லாருக்கும் ஏற்றிவிட முடியாது.

---

கரும்பலகை:

மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். வகுப்பு ஸ்பீக்கரில் பென்டிரைவ் போட்டால் கோப்புகள் வரிசை மாறி ஓடுகின்றன, பெயரில் எண் போட்டிருந்தும். அடுத்து, பிள்ளைகளே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால், குரலை எழுத்தாக்கும் செயலியில் போட்டுத் தானாகவே பிழை கண்டுபிடிக்க முடியுமா?

---

பென்டிரைவ்_பண்டிதர்:

ஸ்பீக்கர் சங்கதிக்கு நான் வர்றேன். அந்த மாதிரி ஸ்பீக்கர்ல பல மாடல் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தாது. எந்தக் கோப்பு முதல்ல பென்டிரைவுல எழுதப்பட்டதோ அதுதான் முதல்ல ஓடும். அதனால இப்ப பெயரை மாத்தினாலும் வரிசை மாறாது. எல்லாத்தையும் லேப்டாப்புல எடுத்து வெச்சுட்டு, பென்டிரைவை ஃபேட்32-ல (கோப்புகளை அடுக்கி வைக்கிற ஒரு முறை) ஃபார்மேட் பண்ணி, 01, 02, 03-னு ஒவ்வொண்ணா அதே வரிசையில காப்பி பண்ணுங்க. மொத்தமா செலக்ட் பண்ணி ஒட்டினா வரிசை கலையலாம். ஒத்தை இலக்க எண்ணுக்கு முன்னால பூஜ்யம் கட்டாயம் வேணும். இல்லைன்னா பெயர் வரிசை பார்க்கிற மாடல்ல 1-க்கு அப்புறம் 10 வந்து நிக்கும்.

32 ஜி.பி.க்கு மேல உள்ள கார்டும் டிரைவும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ங்கிற வேற முறையில வரும், சின்ன ஸ்பீக்கர் நிறைய அதைப் படிக்காது. 8 ஜி.பி. ஒண்ணு இருந்தாலே உங்க வேலைக்கு ஏகப்பட்டது. சின்னத் திரை இருக்கிற பிளேயர்ல தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமா தெரியும், அதனால கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணுமா இருக்கட்டும். திரையே இல்லாததுக்கு ஒரே வழி, பதிவோட முதல் வாக்கியமே "அறிவியல், பாடம் 3, இரண்டாம் பகுதி"னு பெயர் சொல்லணும்.

34 பேருக்கும் ஒரே ஸ்பீக்கர்னா முன் பெஞ்சுக்குக் காது வலிக்கும், பின் பெஞ்சுக்குப் பாதிதான் கேட்கும். வாசிப்புப் பழக்கத்துக்கு ஆறு ஆறு பேரா பிரிச்சு ஹெட்போன் பிரிப்பான் போடுறது தேவலை. பவர் இல்லாத பிரிப்பான்ல ஹெட்போன் கூடக்கூட சத்தம் குறையும், உடனே பிள்ளைங்க வால்யூமை ஏத்துவாங்க. யாராவது ஒருத்தர் கழட்டினா மீதிப் பேருக்குச் சத்தம் கூடலாம், அதைக் கவனிக்கணும். உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைங்களுக்குச் சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். மீட்டர் இல்லைன்னா, ஒரு கை தூரத்துல நிக்கிற ஆளுக்கு அந்த ஹெட்போன் சத்தம் தெளிவா கேட்டா அது அதிகம்.

---

வாசிப்புத்துணை:

பிள்ளைகள் அனுப்பும் பதிவை இயந்திரத்திடம் கொடுத்து மதிப்பெண் போட வேண்டாம், டீச்சர். அந்தச் செயலிகள் சூழலைப் பார்த்துப் பொருந்தும் சொல்லை ஊகிப்பதற்காகச் செய்யப்பட்டவை. பிள்ளை 'வளம்' என்பதை 'வலம்' என்று வாசித்தாலும் அது வாக்கியத்துக்கு ஏற்றபடி 'வளம்' என்றே எழுதிவிடலாம். நீங்கள் தேடும் பிழையை அது திருத்தி மறைத்துவிடும். மறுபக்கம், சிறுவர் குரலில் அது தடுமாறி, சரியாக வாசித்ததையும் தவறாக எழுதும். 2022-இல் வெளிவந்த விஸ்பர் போன்ற குரலை எழுத்தாக்கும் கருவிகள் நீண்ட அமைதி வரும் இடத்தில் யாருமே சொல்லாத வாக்கியத்தைச் சேர்ப்பதும் உண்டு. தடுமாறி நின்று நின்று வாசிக்கும் பிள்ளையின் பதிவு முழுக்க அமைதிதானே.

இதே கருவிகள் வேறு இரண்டு வேலைக்கு நன்றாக உதவும். உங்கள் விளக்கப் பதிவை எழுத்தாக்கி, திருத்தி, பார்வைக் குறைவுள்ள மாணவிக்குக் கொடுக்கலாம். பதில் தெரிந்தும் எழுதத் திணறும் பிள்ளை முதல் வரைவைச் சொல்லி எழுதவைக்கலாம். பிறகு அதைப் பார்த்துத் தன் கையால் திருத்தி எழுத வேண்டும்.

பிழை பார்ப்பதை நீங்களே செய்யுங்கள், ஆனால் அளவோடு. ஒரு பதிவு ஒரு நிமிடம்தான், நாளுக்கு 7 பேர். ஐந்து நாளில் 34 பேரும் முடிந்துவிடுவார்கள். பிள்ளை முதலில் வருகை எண்ணைச் சொல்லட்டும். அனுப்பும் முன் தன் பதிவைத் தானே ஒரு தடவை கேட்டு, வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை மறுபடி பதியலாம். பாதிப் பிழை இங்கேயே உதிர்ந்துவிடும். பத்தியின் நகல் ஒன்றில் விட்ட சொல்லுக்குக் கோடு, மாற்றி வாசித்ததை மேலே எழுதுவது, தானே திருத்திக்கொண்டால் 'தி'. தானே திருத்தியதைப் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது கவனித்து வாசிப்பதன் அடையாளம்.

உங்கள் பதிலும் குரலிலேயே இருக்கலாம், அரை நிமிடம் போதும். "0:22-இல் 'உட்கார்ந்திருந்தன' என்பதைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொன்னாய், சரி. 0:40-இல் 'கூட்டமாக' விட்டுப் போயிற்று. அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்து அனுப்பு." பொதுவாக 'நன்றாக இருந்தது' என்று சொன்னால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஐந்து பிழையையும் ஒரே பதிலில் சொன்னால் ஒன்றும் நிற்காது.

பிள்ளையின் குரலும் ஒரு தனிப்பட்ட தகவல்தான். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வாங்குங்கள். பதிவு வகுப்புக் குழுவுக்கு வராமல் உங்களுக்குத் தனியாக வரட்டும். தடுமாறி வாசித்ததை மற்றப் பிள்ளைகள் கேட்டுவிட்டால் அடுத்த பதிவு வராது. போனில் அந்தக் கோப்புறைக்கு மட்டும் தானியங்கி மேகச் சேமிப்பை நிறுத்துங்கள். பருவ முடிவில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம், முன்னேற்றத்தைக் காட்ட அந்த இரண்டும் போதும்.

---

ஒலிமேசை:

பண்டிதர் ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. முன்பு நான் சொன்ன 80 ஹெர்ட்ஸ் வடிகட்டியை, வகுப்பு ஸ்பீக்கரில் ஓடும் கோப்புகளுக்கு 120 ஆக்கிப் பாருங்கள். சின்ன ஸ்பீக்கரால் அதற்குக் கீழே உள்ள ஒலியைச் சரியாகத் தர முடியாது, பெட்டிதான் அதிரும், சொல் மங்கும். குரல் ரொம்ப மெலிந்தால் 100-க்கு இறக்குங்கள். ஒரு நிமிட மாதிரியை இரண்டு அளவிலும் எக்ஸ்போர்ட் செய்து, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது கடைசி பெஞ்சில் நின்று கேட்டு முடிவு செய்யுங்கள். காலி வகுப்பில் கேட்டால் எதிரொலி கூடுதலாக இருக்கும், கணக்குத் தப்பும்.